முதலில் போனை வைக்காத அக்கா

சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக அரசாங்கப் பணத்தில் சம்பளம் வாங்கிய ஆள் நான். அப்படி நிறைய பேர் இருக்கிறார்களே என்பீர்கள். அவர்களெல்லாம் பரீட்சை எழுதி வந்தவர்கள். என்னை ஒருத்தர் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

தக்கலையில் மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த இடம். மனசு தாங்க முடியாமல் போகிறவர்கள் கூப்பிடுவதற்கென்று ஒரு போன். இனி இருந்து என்னத்துக்கு என்று தோன்றுகிறவர்கள், அழுவதற்கு வீட்டில் இடம் இல்லாதவர்கள், காரணம் தெரியாமல் நெஞ்சு படபடக்கிறவர்கள், எல்லாரும் கூப்பிடலாம். அதை நடத்தியது ஒரு சின்ன டிரஸ்ட். பணம் கொடுப்பது அரசாங்கம், கேள்வி கேட்பதும் அரசாங்கம். இரண்டில் கேள்வி மாத்திரம் மாதா மாதம் தவறாமல் வந்துவிடும்.

அங்கே கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதற்கு முன்னால் ரப்பர் வெட்டப் போயிருக்கிறேன். நான் வெட்டினால் பால் வராது, மரம்தான் வரும் என்று முதலாளி அனுப்பிவிட்டார். கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போனேன். அங்கே என்னைச் சாப்பிடுகிற பக்கம் உட்காரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்திருப்பதால் கணக்குப்படி ஆறாவது என்று சொல்லிக்கொள்வேன்.

மாடியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா காதில் போனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, ஸ்டூலைக் கை காட்டினார். உட்கார்ந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு என்றால் ‘ம்’, ‘ஆமா மக்கா’, ‘சொல்லு’, இவ்வளவுதான். ஒரு மணி நேரம் போனது. இது ஏதோ பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்து முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். இரண்டாவது மணி நேரத்தில் முதுகு தானாக வளைந்துவிட்டது. கடைசியில் அவர் போனைக் கழற்றிவிட்டு, நான் இருப்பதையே அப்போதுதான் பார்த்த மாதிரிக் கேட்டார்.

“நீ ஏம்லே இன்னும் போவல?”

“நீங்கதானே இருக்கச் சொன்னிய.”

“ரெண்டு மணிக்கூரா சும்மாவா இருந்த?”

“எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா.”

“செரி. நாளைக்கு வா. இஞ்ச அதாக்கும் சோலி.”

அக்காவை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அவர் முன்பு வளைகுடாவில் ஏதோ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. டிரஸ்ட் செயலாளர், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரை நர்சம்மா என்று கூப்பிடுவார். என் வேலைக்கு ஆர்டரில் போட்டிருந்த பெயர் பல்நோக்குப் பணியாளர். வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். “அதுல பாத்திரம் கழுவுகதும் வருமா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. போனை முதலில் அவர் வைக்க மாட்டார். எதிர்ப்பக்கம் வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் இவர் காதில் இருந்து கழற்றுவார். அது மனசு கெட்டுப் போனவர்களுக்கு மட்டும் என்றால் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான்.

கேஸ் சிலிண்டர் கேட்டு ஒருத்தர் தவறாகக் கூப்பிட்டார். நானாக இருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும், அதில் ஒரு வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்காது. அக்கா, “இது கேஸ் கம்பெனி இல்ல கேட்டியளா” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்த ஆள் வைக்கவில்லை. சிலிண்டர் வராததில் ஆரம்பித்து, சமைக்க வீட்டில் ஆள் இல்லாதது, மகள் கூப்பிடாதது என்று போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அதே ஆள் மறுபடியும் கூப்பிட்டார். சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்வதற்காக.

அக்காவின் சொந்த செல்போனுக்கு லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்கள் கூப்பிடுவார்கள். வேண்டாம் மக்கா என்று சொல்லிவிட்டு இவர் காதில் வைத்துக்கொண்டே இருப்பார். அந்தப் பெண்ணுக்கு அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறிவிட்டு, “மேடம், நான் வச்சிடட்டுங்களா?” என்று அதுவே அனுமதி கேட்கும். “வையி மக்கா. வெயில்ல அலையாம வீட்டுக்குப் போ” என்பார். அது எங்கேயோ ஏசி ரூமில் இருந்து பேசியிருக்கும்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

“வைக்கும்போ டொக்குன்னு ஒரு சத்தம் வரும்லா. அது எனக்குப் பிடிக்காது.”

இன்னொரு நாள் கேட்டேன்.

“வீட்டுக்கு வந்தவியள நாமளா எழும்பிப் போங்கன்னு சொல்லுவோமா? அவியதானே வாறேன்னு சொல்லிட்டு எறங்கணும்.”

மூன்றாவது தடவை கேட்டபோது, “நீ கூட்டின எடத்தயே எத்தன தடவலே கூட்டுவ?” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கூப்பிட்டுவிட்டுப் பேசாதவர்களும் உண்டு. மூச்சு கேட்கும், அவ்வளவுதான். அவர்களோடு அக்கா ஜன்னலில் தெரிவதைப் பேசுவார். “எதுத்த கடையில ஏத்தங்கொல, ஏத்த வாழக்கொல, வந்து எறங்கியிருக்கு மக்கா. நல்ல மஞ்ச. ஒரு கெழவரு தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வாங்காம போறாரு.” இப்படியே போகும். அவர் இருக்கிற இடத்தில் இருந்து ரோட்டின் இந்தப் பக்கம் தெரியாது. அதனால் என்னை ஜன்னல் ஓரம் நிறுத்திவிடுவார். கண்ணைக் காட்டினால் நான் தணிந்த குரலில் சொல்ல வேண்டும். இன்ன ஊர் பஸ் போகுது, போலீஸ்காரர் ஹெல்மெட் போடாமல் போகிறார், ஆட்டோக்காரன் பல் குத்துகிறான். அக்கா அதை வாங்கி அழகாகச் சொல்வார். என் வாயில் இருந்து புறப்படும்போது அழுக்குத் துணியாக இருப்பது அவர் வாயில் தேய்த்த துணியாகிவிடும்.

தினமும் காலை பதினொரு மணி வாக்கில் பேசாத ஒரு அழைப்பு வரும். ஒரே எண். ஆணா பெண்ணா என்றே மாதக்கணக்கில் தெரியாது. அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி. பிறகு அந்தப் பக்கம் வைத்துவிடும். அக்கா ஒரு கோடு போட்டுக்கொள்வார், அந்த உயிர் இன்றைக்கும் இருக்கிறது என்று.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். நிறைய இருக்கிறது. இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான்.

அந்த அறையில் இரண்டு மேசை, இரண்டு போன். அரசாங்கம் இரண்டு பேருக்கு என்று அனுமதித்த இடம். ஆனால் இரண்டாவது ஆளுக்கான பணம் வரவில்லை. அதனால் அந்த நாற்காலி காலி, அந்த போனுக்கு லைனும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று செயலாளர் நினைத்தார். அக்காவும் அப்படியே நினைத்தார். நான் எதையும் நினைக்கவில்லை. “அரசாங்கச் சொத்து, தூசி படக் கூடாது” என்று செயலாளர் சொன்னதால் அதை மூட ஒரு துணி தேடினேன். அக்காவின் சர்ச்சில் பெண்கள் லேஸ் பின்னுவார்கள். அதில் ஓரம் கோணலாகப் போன ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் டிவிக்குப் போடுகிற மாதிரி அழகாகப் போட்டு மூடினேன். அந்த போனில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். லேஸ் ஓட்டை வழியாகப் பார்க்க கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாதிரி இருக்கும். கரண்ட் இருக்கிறது என்பதற்கு அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் முதுகு அந்தப் பக்கம்.

மாதா மாதம் மேலே ஒரு படிவம் போகும். எத்தனை அழைப்பு, ஒன்றுக்கு எத்தனை நிமிடம், எப்படி முடிந்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். எங்கள் கணக்கில் அழைப்பு குறைவு, நிமிடம் அதிகம். செயலாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வருவார்.

“நர்சம்மோ, மத்த ஜில்லாவுலல்லாம் எத்தன பேரு கூப்பிடுகான் தெரியுமா? இஞ்ச மட்டும் எல்லாரும் சந்தோசமாவா இருக்கான்?”

“கூப்பிட்டவியள எழுதியிருக்கேன் சார்.”

“இந்தப் பேசாதவன ஏன் முக்கா மணிக்கூரு பிடிச்சு வச்சிருக்கிய? மூணு நிமிசத்துல முடிக்கணும்னு ரூல்ஸ் இருக்குல்லா? மேல உள்ளவன் கேட்டா நான் என்ன சொல்ல?”

“நான் பிடிச்சு வைக்கல. அவிய இருக்காவ.”

செயலாளர் என்னைப் பார்ப்பார். நான் துடைப்பத்தைப் பார்ப்பேன்.

கடைசியில் மேலே இருந்து ஆளே வந்துவிட்டது. சென்னையில் இருந்து ஒரு மேடம். நாற்பது வயதுகூட இருக்காது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சீனி இல்லாமல் சாயா கேட்டார். சீக்குக்காரர் போலிருக்கிறது என்று பாவப்பட்டேன். அவர் வந்த காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். இந்த இடத்தைத் தொடர்ந்து நடத்தப் பணம் கொடுப்பதா, இல்லை மூடிவிட்டு எல்லா அழைப்பையும் சென்னைக்கே கொண்டுபோவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அவர் எழுதுகிற அறிக்கையைப் பார்த்துத்தான் அந்த முடிவு.

செயலாளருக்கு வியர்த்தது. நான் இன்னொரு சாயா போட்டேன், இந்தத் தடவை சீனி போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று.

மேடம் அக்காவின் போனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

“நீங்க லாங் கால் பேசுறதுல எனக்குப் பிரச்சினை இல்லைங்க. ஆனா இதைப் பாருங்க. போன செவ்வாய்க்கிழமை நாப்பது நிமிஷம் நீங்க பேசாத ஒருத்தரோட இருந்தீங்க. அந்த நேரத்துல மூணு பேர் கூப்பிட்டிருக்காங்க. யாருமே எடுக்கல.”

“எனக்குக் கேக்கலியே. இந்த போன்ல ஒண்ணும் வரல.”

“இதுல வராதுங்க. இங்க ரெண்டு சீட் இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைக்குது. நீங்க பேசிட்டிருந்தா, இல்ல இப்ப மாதிரி நிறுத்தி வச்சா, அந்த சீட்டுக்கு அனுப்புது.”

“அதுக்கு லைனே இல்லியே மேடம்” என்றார் செயலாளர்.

“லைனுக்குப் பணம் கட்டிட்டிருக்கோம் சார். ஆளுக்குத்தான் கொடுக்கல.”

மேடம் எழுந்து போய் லேசைத் தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணிச் சத்தத்தை யாரோ மாட்டும்போதே குறைத்து வைத்திருந்தார்கள். அவர் எடுத்துக் காதில் வைப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

அக்கா அந்த விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த மேசைப் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அந்த மூணு பேரும் பொறவு கூப்பிட்டாவளா?”

மேடம் தேடிப் பார்த்தார். “ரெண்டு பேர் கூப்பிட்டிருக்காங்க.”

“அந்த ஒருத்தரு?”

“தெரியாதுங்க.”

“நான் இப்ப அங்க கூப்பிட்டுப் பாக்கட்டா?”

“நாமளா கூப்பிடக் கூடாதுங்க. வீட்ல வேற யாராவது எடுத்தா அவங்களுக்குத்தான் கஷ்டம். உங்களுக்கே தெரியும்.”

அக்காவுக்குத் தெரியும். அந்த ரூல்சை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று பேர் ஒரு செவ்வாய்க்கிழமையின் கணக்கு மட்டும். மேடம் மற்ற நாட்களைக் காட்டவில்லை. அக்கா கேட்கவும் இல்லை.

அந்த மேடத்தை வில்லியாக்கிச் சொன்னால் கதை சுலபமாக இருக்கும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு என்று ஒரு சொல்லைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து மாடிப்படி இறங்கும்போது அக்கா கேட்டார்.

“அந்த வெளக்கு எரிஞ்சத நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா. கரண்டுக்குள்ளதுன்னு நெனச்சேன்.”

“டெய்லியும் எரிஞ்சுதா?”

“எரிஞ்சுதுக்கா.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“நானும் ஒரு நாளு திரும்பிப் பாக்கலியேலே” என்றார். பிறகு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் மேடம் சீக்கிரமே வந்துவிட்டார். கூட ஒரு ஹெட்போன் கொண்டு வந்திருந்தார், அக்கா பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பதற்கு. ரூல்சை மறுபடியும் சொன்னார். பேசாத அழைப்பு என்றால் மூன்று நிமிடம், பிறகு சொல்லிவிட்டு முடிக்க வேண்டும். இன்றைக்கு நடப்பதைப் பார்த்துத்தான் எழுதப் போகிறார். அக்கா தலையாட்டினார். செயலாளர் எல்லாருக்குமாகச் சேர்த்து இரண்டு தடவை ஆட்டினார். லேஸ் துணியை நான் முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பதினொரு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. மூச்சு மட்டும். அக்கா ரோட்டைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் நிமிடம் போனது, இரண்டாவதும் போனது. மேடம் மூன்று விரலைக் காட்டினார், மரியாதையாகத்தான். அப்போது இரண்டாவது போனில் சிவப்பு எரிந்தது.

அக்கா விளக்கைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்னை அப்படி யாராவது பார்த்தால் வழக்கமாக நான் பின்னால் திரும்பி வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பேன். அன்றைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

“மக்கா, வைக்காண்டாம். இஞ்ச எனக்க கூட உள்ள ஆளு பேசும்” என்று போனில் சொல்லிவிட்டு, கழற்றி என் தலையில் மாட்டினார்.

“பேசுலே.”

“என்னத்தக்கா பேச?”

“வெளிய உள்ளத.”

“ஏங்க, இவர் ட்ரெயினிங் எடுத்தவர் இல்லைங்க, இப்படிக் கொடுக்கக் கூடாது...” என்று மேடம் எழுந்தார். அதற்குள் அக்கா இரண்டாவது போன் இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, “வணக்கம், சொல்லுங்க” என்று ஆரம்பித்துவிட்டார். அங்கே யாரோ அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. மேடம் என் தலையில் இருந்ததைப் பிடுங்கியிருக்கலாம். கை அதற்காகத்தான் நீண்டது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. தன் காதில் இருந்த ஹெட்போனை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என் காதில் மூச்சு.

“வணக்கம். நான் இஞ்ச கூட்டித் தொடைக்கிற ஆளாக்கும். அக்கா பக்கத்துலதான் இருக்காவ. நான்... வெளிய பாக்கேன். வெளிய ஒண்ணும் இல்ல. இருக்கு, இருக்கு. கடையில ஏத்தங்கொல தொங்குது. எத்தன காயின்னு எண்ணிச் சொல்லட்டா?”

பதினேழு வரை எண்ணினேன். அதற்கு மேல் இலை மறைத்தது.

“ஒரு ஆளு கொட பிடிச்சிட்டு வாறான். மழையும் இல்ல, வெயிலும் இல்ல. ஐயோ, அது எனக்க மச்சினனாக்கும். நான் இஞ்ச ஆபீசர்னு அவனுக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் குனிஞ்சுக்கிடுகேன், கேட்டியளா.”

குனிந்துகொண்டே பேசினேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“போயிட்டான். இனி எழும்பலாம். பஸ்சு ஒண்ணு வருது. பேச்சிப்பாற பஸ்சு. ஆளு நெறஞ்சு தொங்குது.”

“அது பேச்சிப்பாற வண்டி இல்ல.”

நான் மேடம் பேசியதாக நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை விரித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பேசியது ஒரு பெண் குரல். பல நாளாகப் பேசாத தொண்டை மாதிரி கரகரவென்று இருந்தது.

“பேச்சிப்பாற வண்டி போயி அர மணிக்கூரு ஆச்சு. இது குலசேகரத்தோட நிக்கும்.”

“அப்படியாக்கும்? நான் இதத்தானே தெனமும் அக்காட்ட சொல்லுகேன்.”

“தெனமும் தப்பாத்தான் சொல்லுதிய.”

நான் சொல்வது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என்னைத் திருத்த வேண்டும் என்று எத்தனை நாள் வாய் வரை வந்து நின்றதோ. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் இவ்வளவு பொறுமையாக இருந்திருந்தால் நான் பத்தாவது தாண்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் இங்கே எழுதக் கூடாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரேஷன் கடைக்கு வெளியே நான் போட்ட ஒரே கையெழுத்து அது. அக்கா அந்தப் பக்கம் முடித்துவிட்டு வந்து என் தலையில் இருந்ததை வாங்கும் வரை இருந்தேன். முடித்துவிட்டு என்றால், அங்கே அழுதவர் வைத்த பிறகு.

போகும்போது மேடம் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

“நான் பார்த்ததை எழுதாம இருக்க முடியாதுங்க. இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சுது. இவர் வேற ஏதாவது சொல்லியிருந்தா?”

“எழுதணும். அதுக்குத்தானே வந்திருக்கிய.”

“உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“எனக்க முதுகுக்குப் பொறத்தால அந்த வெளக்கு எரிஞ்சதயும் எழுதிருங்கோ.”

“அதை நேத்தே எழுதிட்டேன்” என்றார் மேடம்.

ஆணை வர இரண்டு மாதம் ஆனது. செயலாளர் நின்றுகொண்டே வாசித்தார். இந்த இடம் தொடர்ந்து நடக்கும். காலி நாற்காலிக்கு உடனே பயிற்சி பெற்ற ஆளைப் போட வேண்டும், அதற்குப் பணம் அனுமதிக்கப்படுகிறது. அவர் குரல் அதுவரை ஏறிக்கொண்டே போனது. அடுத்த வரியில் இறங்கியது. அழைத்தவரைப் பயிற்சி இல்லாதவரிடம் ஒப்படைத்த பணியாளர் இனி போன் எடுக்கும் பணியில் இருக்கக் கூடாது, அவருடைய இடத்துக்கும் வேறு ஆள். கடைசியில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பல்நோக்குப் பணியாளருக்கு இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி. அரசாங்கம் என்னைப் படிக்க வைக்க எடுத்த இரண்டாவது முயற்சி.

“இது அநியாயம் நர்சம்மா” என்றார் செயலாளர். மூன்று நிமிட ரூல்சுக்காக அவரோடு சண்டை போட்ட அதே ஆள். “நான் பதில் எழுதுகேன். நம்ம பக்கத்தயும் கேக்கணும்லா?”

“பதில் எழுதினா என்ன ஆவும்?”

“பைலு மேல போவும். மறுபடியும் பாப்பாவ.”

“அது போயிட்டு வருகது வரைக்கும் அந்த சீட்டுல யாரு இருப்பா?”

செயலாளர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

“எழுதாண்டாம் சார். ரெண்டு பேரு வரட்டும்” என்றார் அக்கா.

நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். பக்கெட்டில் தண்ணீர் நிறையவே இருந்தது.

ஐப்பசியில் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள், இதற்கென்று படித்தவர்கள். நன்றாகவே பேசினார்கள். அக்கா ஒரு வாரம் கூட இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார். போனை யார் முதலில் வைப்பது என்பதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிற பெண்ணிடம் தினமும் சொன்னார், இன்ன நாளோடு நான் இருக்க மாட்டேன், இந்தப் பிள்ளைகள் இருக்கும் என்று. அந்தப் பெண் இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை பேசுவார். என்னைப் பற்றி விசாரித்ததாக அக்கா சொன்னார். பஸ் போர்டு படிக்கப் படித்துவிட்டேனா என்று கேட்டாராம்.

கடைசி நாள் அக்காவின் பை மேசைக்குக் கீழே தயாராக இருந்தது. வேளிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே அனுமதி கேட்டு செயலாளர் அந்த வாரம் முழுவதும் பதினொரு மணி அழைப்பை மட்டும் அக்காவையே எடுக்க வைத்திருந்தார். அவருக்கு அப்படியும் ஒரு முகம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. புதுப் பிள்ளை ஒன்று பக்கத்தில் ஹெட்போனோடு இருந்தது. நான் ஜன்னல் ஓரம்.

“மழை வருது மக்கா” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். “மலையே தெரியல. கீழ கடைக்காரன் பொம்மையெல்லாம் தூக்கி உள்ள வைக்கான். ஒரு பொம்மைக்குச் சேல அவுந்து போச்சு. அவன் வெக்கப்பட்டுட்டு நிக்கான்.”

பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். நீண்ட நேரம்.

“நீ வையி மக்கா... இல்ல, நீதான்... எதுக்கு நான்?... ஓ. அப்படியா?... எப்பம்?... செரி. செரி. அழாத. நான் வைக்கேன்.”

பட்டனைத் தேடினார். அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று ஒரு நொடி தெரியவில்லை. பிறகு அமுக்கினார். அந்த டொக் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஜன்னலை விட்டு ஓடி வந்தேன்.

“என்னக்கா, நீங்களா வச்சிட்டிய?”

அக்கா ஹெட்போனைக் கழற்றி வயரைச் சுற்றி மேசையில் வைத்தார்.

“அங்க மழை பெய்யத் தொடங்கிட்டாம்லே. மொட்ட மாடியில துணி கெடக்காம். இன்னிக்கு நான் மொதல்ல வைக்க மாட்டேன்க்கா, நீங்க வையுங்கோன்னு நிக்கா. நான் வைக்காம அவ எப்பிடிலே ஓடிப் போயி எடுப்பா?”